பழைய சோனி ஏ7 மார்க் 3யா, நிக்கான் டி750யா? படத்தரத்தை நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி

கேள்வி இது: கல்யாணங்களில் படம் எடுக்க, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ஃபுல் ஃப்ரேம் பாடி (பெரிய சென்சார் கொண்ட கேமரா, லென்ஸ் தனி) ஒன்று வாங்க வேண்டும். சோனி ஏ7 மார்க் 3, நிக்கான் டி750 இரண்டும் கையில் இருக்கும் பணத்துக்குள் வருகின்றன. ஒரு தளம் இதற்குக் கூடுதல் மதிப்பெண் தருகிறது, இன்னொன்று அதற்கு. கடைக்காரர் ஒரு மணி நேரம் சோதிக்க விடுவார். எதைப் பார்ப்பது?

முதலில் மதிப்பெண்ணை மறந்துவிடுங்கள். அது பொய்யில்லை. ஆனால் அது சென்சாரை மட்டும் தனியாக அளந்த கணக்கு. உங்கள் லென்ஸ், உங்கள் மண்டப வெளிச்சம், நாலைந்து வருடம் யாரோ ஓட்டித் தேய்த்த அந்தக் குறிப்பிட்ட பாடியின் நிலை ஆகியவை அதில் கிடையாது. 2014இல் வந்த டி750, 2018இல் வந்த ஏ7 மார்க் 3 இரண்டுமே 24 மெகாபிக்சல், 36க்கு 24 மி.மீ. சென்சார். வெளிச்சம் நன்றாக இருக்கும்போது இரண்டின் படத்தையும் ஆல்பத்தில் வைத்தால் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் பாதித் தாளுக்கு ஒரு படம் என்றால் 12க்கு 18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3600க்கு 5400, அதாவது 19 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். 24 தாராளம். முழுத் தாளுக்கும் ஒரே படத்தை இழுத்தால் 6000 பிக்சல் 36 அங்குலத்துக்குப் பரவி, அங்குலத்துக்கு 167 ஆகும். கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் அதுவும் தப்பாது. எனவே மெகாபிக்சல் பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: வேகமான கார்டு இரண்டு, உறுதியான ட்ரைபாட், டார்ச், ஐந்து செய்தித்தாள், சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு டர்க்கித் துண்டு, ஜரிகை வைத்த சிவப்புப் பட்டுத் துணி, வெள்ளை வேட்டி, ஒரு முழம் மல்லிகை. கடைசி நான்கும் சோதனைக் காட்சிக்கு. நீங்கள் வருடம் முழுக்க எடுக்கப்போவது அவற்றைத்தான்.

செட்டிங்

பாதிப் பேர் தவறுவது இங்கேதான். இரண்டு பாடியிலும் ராவும் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) ஜேபெக்கும் சேர்த்து எடுங்கள். சோனியில் டிஆர்ஓ, நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங் இரண்டையும் அணையுங்கள். இவை நிழலைத் தாமாகவே தூக்கிவிடும், அப்புறம் எது சென்சாரின் வேலை, எது மென்பொருளின் வேலை என்று பிரிக்க முடியாது. நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் (படத்தில் பொரியும் பொடிப் புள்ளிகள்) குறைப்பையும் அணையுங்கள். வெள்ளைச் சமநிலையை இரண்டிலும் ஒரே கெல்வினில் நிறுத்துங்கள். டி750இல் 14 பிட், இழப்பில்லாச் சுருக்கம். ஏ7 மார்க் 3இல் அந்த வசதி கிடையாது. இழப்புள்ள சுருக்கம் அல்லது சுருக்கமே இல்லாத ரா, இரண்டில் ஒன்று. சோதனைக்குச் சுருக்கமில்லாததை வையுங்கள். ஒரு கோப்பு 47 எம்பி பக்கம் வரும். இரண்டு பாடியின் கோப்புகளையும் ஒரே மென்பொருளில், ஷார்ப்பனிங்கையும் நாய்ஸ் குறைப்பையும் பூஜ்யத்தில் வைத்துத் திறக்க வேண்டும்.

நாய்ஸ்

மேசைமேல் துண்டு, பட்டு, வேட்டி, மல்லிகை எல்லாவற்றையும் அடுக்கி, ஒரே ஒரு விளக்கைத் தள்ளி வையுங்கள். எஃப்/8, ஐஎஸ்ஓ 100இல் 4 நொடி வரும் அளவுக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள். பிறகு 200க்கு 2 நொடி, 400க்கு 1 என்று பாதிப் பாதியாக இறங்கினால் 12800க்கு 1/30 நொடி வரும். இவ்வளவு மெதுவாகத் தொடங்கக் காரணம் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் 1/100ஐவிட வேகமானால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வந்து கணக்கைக் கெடுக்கும்.

இரண்டு பாடிக்கும் அபெர்ச்சரும் ஷட்டரும் ஒன்றாக இருக்கட்டும். ஐஎஸ்ஓ எண்ணை நம்பி ஒப்பிடாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 1600 இன்னொன்றின் 1600 அளவுக்குப் பிரகாசமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நாய்ஸைத் தீர்மானிப்பது சென்சாரில் விழுந்த வெளிச்சத்தின் அளவுதான். ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான் விழுந்தால் அதன் இயல்பான ஏற்ற இறக்கம் 100, அதாவது நூற்றில் ஒரு பங்கு. 100 ஃபோட்டான் மட்டும் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, பத்தில் ஒரு பங்கு. இருட்டில் படம் பொரிந்துபோவது இதனால்தான். ஐஎஸ்ஓவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

படத்தை 100 சதவீதத்தில் திறந்ததும் எல்லார் கண்ணும் எழுத்தைத் தேடிப் போகும். எழுத்து ஏமாற்றும். கறுப்பு வெள்ளை விளிம்பு அவ்வளவு எடுப்பாக இருப்பதால், நாய்ஸ் குறைப்பு எவ்வளவு மழுப்பினாலும் எழுத்து கூர்மையாகவே தெரியும். துண்டின் நூல் சுருளைப் பாருங்கள். ஜேபெக்கில் ஐஎஸ்ஓ 3200இல் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகத் தெரிகிறதா, அல்லது ஈரத் துணியில் இஸ்திரி போட்டதுபோல் தட்டையாகிவிட்டதா? தலைமுடி, புருவம், பட்டின் நெசவு எல்லாம் துண்டுக்கு நேர்ந்த கதிக்குத்தான் போகும். ஒரு பாடியின் ஜேபெக் சுத்தமாகவும் அதன் ரா பொரிந்தும் இருந்தால், அந்தச் சுத்தம் விவரத்தை விலையாகக் கொடுத்து வாங்கியது.

இந்த இரண்டுக்கும் பிக்சல் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் 100 சதவீதத்தில் நேராக ஒப்பிடலாம். 45 அல்லது 61 மெகாபிக்சல் பாடியோடு ஒப்பிட நேர்ந்தால், பெரிய படத்தை 24க்குச் சுருக்கிய பிறகே பாருங்கள். இல்லாவிட்டால் அதன் நாய்ஸை உருப்பெருக்கி வைத்துப் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

சிவப்புப் பட்டு

அரக்குச் சிவப்பு, குங்குமச் சிவப்புப் புடவைகள் மஞ்சள் விளக்கில் சென்சாரின் சிவப்புப் பகுதியை மட்டும் முதலில் நிரப்பிவிடும். படத்தின் பிரகாசம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்தான் ஹிஸ்டோகிராம். சாதாரண வெள்ளை ஹிஸ்டோகிராமில் பெரும்பங்கு பச்சையுடையது. அதனால் அது பத்திரமாக நடுவில் நிற்கும், சிவப்போ வலது சுவரில் முட்டியிருக்கும். கணினியில் திறந்தால் மடிப்பும் இல்லை, புட்டாவும் இல்லை, ஒரே சிவப்புப் பெயின்ட். வரவேற்பு மேடையின் நீல, மெஜந்தா எல்இடியிலும் இதே கதைதான். இரண்டு பாடியிலும் எடுத்த படத்தைத் திரும்பப் பார்க்கும்போது ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் தனித்தனியாகக் காட்டும் பக்கம் உண்டு. பட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பாருங்கள். 1/3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) வீதம் ஏற்றிக்கொண்டே போய், எந்தப் படத்தில் ஜரிகைக்குப் பக்கத்திலிருக்கும் மடிப்பு மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் அந்தப் பாடியில் நீங்கள் தாண்டக்கூடாத கோடு. கிட்டப் போய் எடுக்கும்போது நெருக்கமான நெசவில் வானவில் அலை தெரிகிறதா என்றும் பாருங்கள். கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தால் அது மறையும், புகைப்படத்தில் சமாளிக்கலாம். வீடியோவில் சிரமம்.

நிழலைத் தூக்கிப் பார்ப்பது

மாநிறமோ கறுப்போ ஆன மாப்பிள்ளை, பளீர் வெள்ளை வேட்டி சட்டை. மீட்டர் வெள்ளையைக் கண்டு பயந்து எக்ஸ்போஷரை இறக்கும், முகம் இருளும், பிறகு உட்கார்ந்து முகத்தை 2 ஸ்டாப் தூக்க வேண்டிவரும். டைனமிக் ரேஞ்ச் என்பதன் நடைமுறைப் பொருள் இதுதான். வேட்டி வெளுக்காத அளவில் ஒரு படம் எடுத்து, மென்பொருளில் 3, 4, 5 ஸ்டாப் என்று தூக்குங்கள். பொடிப்பொடியாக நாய்ஸ் வந்தால் பரவாயில்லை, பிற்பாடு குறைக்கலாம். கோடுகோடாக வந்தாலோ, நிழல் மெஜந்தாவாகத் திரும்பினாலோ அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

அடுத்தது, அபெர்ச்சர், ஷட்டர் இரண்டையும் மாற்றாமல் ஐஎஸ்ஓவை மட்டும் 3200, 1600, 800 என்று 100 வரை இறக்கி எடுங்கள். கணினியில் முறையே 0, 1, 2, 3, 4, 5 ஸ்டாப் ஏற்றி ஒரே பிரகாசத்துக்குக் கொண்டுவாருங்கள். டி750இல் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதாவது ஐஎஸ்ஓவைக் குறைத்து வைத்து ஹைலைட்டைக் காப்பாற்றினாலும் நிழலில் பெரிய நஷ்டமில்லை. ஏ7 மார்க் 3 ஐஎஸ்ஓ 640இல் சென்சாருக்குள்ளேயே வேறொரு கெயினுக்கு (சிக்னலைப் பெருக்கும் அளவுக்கு) மாறுகிறது. அதனால் 640இல் எடுத்த நிழல் 500இல் எடுத்ததைவிடச் சுத்தம். இந்தப் பாடியை வாங்கினால் 400, 500 என்று இழுத்துக்கொண்டிருக்காமல் 640க்குத் தாவிவிடுங்கள்.

சோனியில் இன்னொன்று பார்க்க வேண்டும். மேடை விளக்கு ஒன்று ஃப்ரேமின் ஓரத்திலிருந்து லென்ஸுக்குள் அடிக்கும்படி வைத்து, அந்த ஒளிச் சிதறல் மூடிய பகுதியை நன்றாகத் தூக்குங்கள். மெல்லிய வரிகள் சீராக ஓடுவது தெரியலாம். ஃபோகஸுக்காகச் சென்சார் மேலேயே இருக்கும் ஃபேஸ் டிடெக்ட் புள்ளிகளின் வரிசை அது. இது பாடியின் பழுதல்ல, அந்த வகை சென்சாரின் இயல்பு. ஹூட் மாட்டி, கோணத்தைச் சற்று மாற்றினால் போய்விடும்.

லென்ஸ்

‘கேமரா சரியில்லை’ என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் உண்மையான குற்றவாளி பெரும்பாலும் லென்ஸ்தான். பயன்படுத்திய லென்ஸ் ஒருமுறை கீழே விழுந்திருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி இம்மியளவு சாய்ந்திருக்கும். வெளியில் கீறல்கூட இருக்காது, படத்தில் ஒரு பக்கம் மட்டும் பிசுபிசுக்கும்.

சமமான சுவரில் ஐந்து செய்தித்தாள்களை ஒட்டுங்கள்: நடுவில் ஒன்று, நான்கு மூலைகளில் ஒவ்வொன்று. 50 மி.மீ. லென்ஸுக்கு 2.5 மீட்டர் தள்ளி ட்ரைபாடை வையுங்கள். அந்தத் தூரத்தில் ஃப்ரேம் 1.8 மீட்டர் அகலம் காட்டும். கேமரா சுவருக்கு இணையாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது. நடுத்தாளின்மேல் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டிப் பதியுங்கள். வியூஃபைண்டரில் பார்த்தால், கண்ணாடிக்குள் தெரியும் லென்ஸின் உருவம் சரியாக ஃப்ரேமின் நடுவில் இருக்க வேண்டும். அதுவரை ட்ரைபாடை அசையுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் எடுத்த மூலைச் சோதனைக்கு எந்த மதிப்பும் இல்லை.

கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசரை அணைத்து, 2 நொடி டைமர் வைத்து, எஃப்/2.8, 4, 5.6, 8 என்று எடுங்கள். நான்கு மூலையும் சமமாக மங்கி, எஃப்/5.6இல் தேறினால் அது நல்ல லென்ஸ். இடப்பக்கம் மட்டும் மங்கி எஃப்/8 வரை தேறவில்லை என்றால் சந்தேகம். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி எடுங்கள். இப்போது சுவரின் மறுபக்கத் தாள் மங்கினால் குறை லென்ஸிலோ, அதை மாட்டும் மவுண்டிலோ இருக்கிறது. அதே தாளே மங்கினால் சுவர் இணையாக இல்லை. லென்ஸா மவுண்டா என்று பிரிக்க, கடையிலுள்ள இன்னொரு லென்ஸை மாட்டிப் பாருங்கள். நான்கு மூலையும் சமமாக மங்கினால், மூலையிலேயே ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுங்கள். அப்போது மூலை கூர்மையாகிறது என்றால் லென்ஸின் ஃபோகஸ் தளம் வளைந்திருக்கிறது. கும்பல் படம் எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவர்களைச் சற்று முன்னோ பின்னோ நிறுத்தினால் சரியாகிவிடும், லென்ஸை ஒதுக்க வேண்டியதில்லை.

எஃப்/16க்குப் போய் ‘படம் மங்குகிறது’ என்று பயப்பட வேண்டாம். ஒளி சின்னத் துளைக்குள் நுழையும்போது விரியும். எஃப்/8இல் ஒரு புள்ளி ஏறக்குறைய 11 மைக்ரான், எஃப்/16இல் 21 மைக்ரான் அகலமாகிறது. இந்தப் பாடிகளின் பிக்சல் 6 மைக்ரான். எந்த லென்ஸானாலும் அங்கே மங்கத்தான் செய்யும்.

ஃபோகஸ்

காகிதத்தில் இரண்டுமே மைனஸ் 3 ஈவி (ஈவி என்பது வெளிச்ச அளவு) இருட்டு வரை ஃபோகஸ் செய்யும். சோனி அந்த எண்ணை எஃப்/2 லென்ஸ் மாட்டிய நிலையில் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். எஃப்/4 லென்ஸோடு அதே இருட்டை எதிர்பார்க்க முடியாது. எண்ணை விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள்: அரை இருட்டில் ஒருவரை உங்களை நோக்கி மெதுவாக நடக்கச் சொல்லி, பெரிய அபெர்ச்சரில் 20 படம். இமை முடி கூர்மையாக விழுந்தவை எத்தனை?

டி750இல் ஃபோகஸைப் பார்ப்பது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடிக்குக் கீழே உள்ள தனி சென்சார். அது படச் சென்சாரோடு ஒத்துப்போகாவிட்டால் கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் விழும். ட்ரைபாடில் வைத்து, வியூஃபைண்டர் வழியாக ஐந்து, லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) ஐந்து, ஒவ்வொரு தடவையும் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு எடுங்கள். லைவ் வியூ படங்கள் எப்போதும் கூர்மையாகவும் மற்றவை ஒரே திசையில் தவறியும் இருந்தால், ஏஎஃப் ஃபைன் ட்யூனில் மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை திருத்த இடமிருக்கிறது. தவறு முன்னும் பின்னும் மாறிமாறி வந்தால் திருத்த முடியாது, விட்டுவிடுங்கள். அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவான சோனியில் இந்தத் தலைவலி இல்லை. கல்யாண வேலையில் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதியையும் சேர்த்தால், என் பார்வையில் சோனிக்குக் கூடுதல் பணம் கொடுக்க இதுதான் பெரிய நியாயம்.

சைலன்ட் ஷட்டர்

ஏ7 மார்க் 3இல் சத்தமில்லா எலக்ட்ரானிக் ஷட்டர் உண்டு, டி750இல் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் சத்தமில்லாமல் எடுக்கலாம் என்று ஆசைப்படுவதற்கு முன் அதன் வேகத்தை அளந்துவிடுங்கள். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் அல்லது மலிவான எல்இடி எரியும் வெள்ளைச் சுவரை, சைலன்ட் முறையில் 1/1000 நொடியில் எடுங்கள். படத்தில் வெளிச்சம், இருட்டு என்று பட்டைகள் விழும். விளக்கு 10 மில்லிநொடிக்கு ஒருமுறை துடிப்பதால், மேலிருந்து கீழ்வரை எத்தனை வெளிச்சப் பட்டையோ அத்தனைப் பத்து மில்லிநொடி சென்சாரைப் படிக்க ஆகிறது. ஆறு பட்டை என்றால் 60 மில்லிநொடி. 20க்குள் இருந்தால் ஆட்களை எடுக்கலாம். 40க்கு மேல் போனால் அட்சதை போடும் கை வளையும், மண்டப விளக்கில் வரி விழும். அங்கே மெக்கானிக்கல் ஷட்டருக்குத் திரும்புங்கள். இந்தச் சோதனையைச் செய்ய இரண்டு நிமிடம் போதும், எந்தக் கேமராவுக்கும் பொருந்தும்.

சோனியில் எலக்ட்ரானிக் முன் திரை என்று ஒரு செட்டிங் உண்டு. பெரிய அபெர்ச்சரில் 1/1000க்கு மேல் போகும்போது அதை அணையுங்கள். இல்லையெனில் பின்னணி வட்டங்கள் பாதி வெட்டுப்பட்டு வரும்.

அந்தப் பாடியின் உடல்நிலை

எஃப்/16, ஃபோகஸை மிகக் கிட்டே வைத்து, வெள்ளைச் சுவரைக் கேமராவை மெல்ல அசைத்தபடி 1 நொடி எடுங்கள். கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் தூசியும் எண்ணெய்த் துளியும் சாம்பல் பொட்டாகத் தெரியும். தூசி துடைத்தால் போகும். துடைத்துச் சில நூறு படத்துக்குள் மறுபடி ஓரத்தில் சேர்ந்தால் ஷட்டர் எண்ணெய் தெறிக்கிறது.

பிறகு 1/4000 நொடியில், பகல் வெளிச்சத்தில், வானத்தை எடுங்கள். ஒரு ஓரம் இருண்டால் ஷட்டர் திரைகள் ஒரே வேகத்தில் ஓடவில்லை. டி750இல் இதைக் கட்டாயம் பாருங்கள். படத்தின் ஒரு பகுதி நிழலடிக்கும் ஷட்டர் குறைக்காக, குறிப்பிட்ட வரிசை எண்கள் கொண்ட பாடிகளை நிக்கானே இலவசமாகச் சரிசெய்து தந்தது. கடைக்காரரிடம் அந்த வேலை நடந்ததா என்று கேளுங்கள். ஷட்டர் ஆயுளாகச் சொல்லப்படுவது டி750க்கு 1,50,000, ஏ7 மார்க் 3க்கு 2,00,000. எண்ணிக்கை கூடியதால் படத்தரம் குறையாது, ஷட்டர் மாற்றும் செலவு கிட்டே வருகிறது, அவ்வளவுதான். விலை பேசும்போது அதைக் கழித்துப் பேசுங்கள்.

கடைசியாக, லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 1600இல் 1/60 நொடி ஒன்று, 30 நொடி ஒன்று. 30 நொடிப் படத்தில் சில வண்ணப் பொட்டுகள் இருப்பது இயல்பு. 1/60லேயே இருந்தால் வீடியோவில் அவை நிலையாக நிற்கும். இன்னும் மோசமானது, படத்தின் குறுக்கே முழுவதும் ஓடும் ஒற்றை வண்ணக்கோடு, அல்லது ஒரு சின்ன வெள்ளைக் கொத்து. வரவேற்பு மேடையின் லேசர் சென்சாரைச் சுட்ட தழும்பாக இருக்கும். மிரர்லெஸ்ஸின் சென்சார் எப்போதும் திறந்தே கிடப்பதால் அதற்கு ஆபத்து அதிகம். துடைத்தும் போகாது, பேரம் பேசியும் பயனில்லை. அந்தப் பாடியைக் கீழே வைத்துவிடுங்கள்.

மற்ற வசதிகள்

இரண்டிலும் இரண்டு கார்டு இடம் உண்டு. சோனியில் ஒன்று மட்டுமே யுஎச்எஸ் 2 வேகம். இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியவிட்டு, பத்து நொடி தொடர்ந்து சுட்டு, பஃபர் (கார்டில் எழுதும்வரை படங்கள் தங்கும் நினைவகம்) காலியாக எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசர் சோனிக்கு மட்டும். 1/60, 1/30, 1/15, 1/8 என ஒவ்வொன்றிலும் கையில் பிடித்துப் பத்துப் படம் எடுத்து, கூர்மையானவற்றை எண்ணினால் உங்கள் கைக்கு அது எத்தனை ஸ்டாப் உதவுகிறது என்பது தெரிந்துவிடும். ஆனால் மணமக்கள் அசைந்தால் அது உதவாது. நடப்பவருக்கு 1/250 வேண்டும். வீடியோ எடுப்பீர்கள் என்றால் டி750இல் 4கே கிடையாது. சோனியில் 25 ஃப்ரேமில் முழு அகலமும் வரும், 30இல் 1.2 மடங்கு வெட்டும்.

சோனியின் பின்திரை 9.2 லட்சம் புள்ளிதான், கூர்மையான படத்தையும் மங்கலாகக் காட்டும். எந்தச் சோதனையின் முடிவையும் அங்கே பார்த்துத் தீர்மானிக்காமல், கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபின் பணத்தை எண்ணுங்கள்.